எடையைக் குறைத்துவிட்டு எனக்குச் சிக்கனம் சொல்லாதீர்கள்

மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான். பட்டியல் எழுதிக்கொண்டு போ, பசியோடு கடைக்குப் போகாதே, மொத்தமாக வாங்கு, தள்ளுபடி வரும்போது வாங்கு. பட்டியல் எழுதிக்கொண்டுதான் போகிறேன். அதில் இருப்பதைத்தான் வாங்குகிறேன். போன வருடம் வாங்கிய அதே பொருள், அதே பாக்கெட், அதே விலை. ஆனாலும் மாதக் கடைசி வரைக்கும் வருவதில்லை. பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால்தான் காரணம் தெரிகிறது. எடையைக் குறைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் வயிறு எரிகிறது. விலையை ஏற்ற வேண்டுமா, சொல்லிவிட்டு ஏற்றுங்கள். மூலப்பொருள் விலை கூடியிருக்கலாம், எரிபொருள் செலவு கூடியிருக்கலாம், அதெல்லாம் எங்களுக்கும் புரியும். விலை ஏறினால் நான் வேறு பிராண்டுக்கு மாறுவேன், கொஞ்சமாக வாங்குவேன், இல்லை வாங்காமலே விடுவேன். அது என் பணம், என் முடிவு. எடையைச் சத்தமில்லாமல் குறைக்கும்போது அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பையே என்னிடமிருந்து பறித்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பாக்கெட்டை 90 கிராம் ஆக்கி அதே விலைக்கு விற்றால், போனது 10 சதவீதம்தானே என்று தோன்றும். இல்லை. பழையபடி 100 கிராம் வேண்டுமென்றால் இப்போது 11 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 80 கிராம் ஆக்கிவிட்டால் அது 25 சதவீத விலையேற்றம். அந்த 25 சதவீதத்தை விலைச்சீட்டில் வெளிப்படையாக ஏற்றியிருந்தால் கடையில் எத்தனை பேர் அந்தப் பொருளைத் தொட்டிருப்பார்கள்? அது தெரிந்துதான் பாக்கெட்டின் உயரத்தையும் அகலத்தையும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கிறார்கள். பாட்டில் என்றால் அடிப்பகுதியை உள்பக்கமாகக் குழித்துவிட்டால் போதும்.

2016-இல் பிரிட்டனில் டோப்ளரோன் சாக்லேட்டை 170 கிராமிலிருந்து 150 கிராமாகக் குறைத்தார்கள். முக்கோணத் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அகலமாக்கித்தான் அந்த 20 கிராமை எடுத்தார்கள். பற்கள் விழுந்த வாய் மாதிரி இருந்த அந்த வடிவத்தைப் பார்த்து மக்கள் கொந்தளித்தார்கள். 2018-இல் பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கண்ணால் பார்க்க முடிந்ததால்தான் அந்தச் சத்தம் எழுந்தது. சலவைத்தூளிலும் ஷாம்புவிலும் எண்ணெயிலும் எந்த இடைவெளியைப் பார்த்துக் கேட்பது?

சரி, பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்கிறார்களே, அதையாவது நம்பலாமா? அதுவும் இல்லை. ஒரே பொருளின் பெரிய பாக்கெட், சின்னதை விட கிராம் கணக்கில் விலை கூடுதலாக இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பெரியது என்றால் மலிவு என்று நம்பிக் கைநீட்டும் பழக்கத்தின் மேல் வைக்கும் விலை அது. சலுகைகளும் அப்படித்தான். 'இரண்டாவது பாதி விலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மொத்தமாகப் பார்த்தால் கிடைப்பது 25 சதவீதத் தள்ளுபடி, அதுவும் எனக்குத் தேவைப்படாத இரண்டாவதையும் வாங்கினால்தான். அந்த இரண்டாவது கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால் தள்ளுபடியும் போச்சு, கையில் இருந்த காசும் போச்சு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. உடனே வீட்டில் சமைப்பவரைத்தான் கை காட்டுவார்கள். ஒன்று போதும் என்று வந்தவர் தலையில் இரண்டைக் கட்டியவர்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கக்கூடியது, ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்ற ஒரு எண். அதைக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998-இலேயே விதி கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் பெரிய கடைகளுக்கு 2009-இல் கட்டாயமாக்கினார்கள். அப்படிப் போடும் கடையிலும் பாருங்கள், விலை ஆள்காட்டி விரல் உயரத்துக்கு இருக்கும், இந்த எண் எறும்பு அளவுக்கு இருக்கும். ஒரு பிராண்டுக்கு 100 கிராம் கணக்கு, பக்கத்துப் பிராண்டுக்குக் கிலோ கணக்கு, அதற்கும் பக்கத்தில் இருப்பதற்கு எண்ணிக்கைக் கணக்கு! கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்பவர் கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து வகுத்துப் பார்க்க வேண்டுமா? நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவருக்கு, கண் மங்கிய பெரியவருக்கு, இது எவ்வளவு பெரிய சுமை! இப்படிக் கைவிட்டுப் போகும் பணம் அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல் ஒரு விதி இருக்கிறது. அளவைக் குறைத்து, அதனால் கிலோவுக்கோ லிட்டருக்கோ ஆகும் விலை கூடினால், 400 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகள் அதை அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே இரண்டு மாதம் எழுதி வைக்க வேண்டும். நல்ல விதி, ஆனால் எனக்கு இது போதாது. குறைத்தது தயாரிப்பாளர், எழுதி ஒட்டுவது மட்டும் கடைக்காரரா? குறைத்தவரே பாக்கெட்டின் முன்பக்கத்தில் அச்சடிக்கட்டும்: முன்பு இத்தனை கிராம், இப்போது இத்தனை கிராம். இரண்டு மாதம் பத்தாது, ஒரு வருடம் இருக்கட்டும். 'புதிய பொலிவுடன்' என்று அச்சடிக்க முன்பக்கத்தில் இடம் இருக்கிறது அல்லவா, அந்த இடத்திலேயே, அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.