நீங்கள் வாங்காத பணம் இன்னொருவருக்குப் போவதில்லை

"தகுதி இருந்தாலும் சமாளிக்க முடிந்தவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதீர்கள், அந்தப் பணம் நம்மைவிடக் கஷ்டப்படுபவருக்குப் போகும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் அப்படி நடப்பதில்லை. முதியோர், ஊனமுற்றோர், குழந்தைகளுக்கு அரசு தரும் தொகைகளில் பல, தகுதி உள்ள எல்லோருக்கும் சட்டப்படி சேர வேண்டியவை. நீங்கள் கேட்காமல் விட்டால் உங்கள் பங்கைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரும் தரப்போவதில்லை, அது கஜானாவிலேயே கிடக்கும். இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைத்த திட்டங்களும் உண்டு, சில கல்வி உதவித்தொகைகள் அப்படித்தான். அவற்றிலும் யாருக்கு அதிகத் தேவை என்று பார்ப்பது தேர்வு செய்பவர்களின் வேலை, நம்முடையது அல்ல.

இன்னொரு விஷயம், விண்ணப்பிப்போர் குறைந்தால் "இதற்குத் தேவையே இல்லை போல" என்று அடுத்த முறை நிதியைக் குறைக்க அதுவே சாக்காகிவிடும். அப்போது அடிபடுவது நீங்கள் யாருக்காக விட்டுக்கொடுத்தீர்களோ அவர்கள்தான்!

சரி, விண்ணப்பிக்கிறவர்கள் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள். பல திட்டங்களில் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் பணம் கணக்காகும், தள்ளிப்போட்ட மாதங்களுக்குக் கிடைக்காது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.