முற்றிய சிரோசிஸும் ஸ்டாட்டினும்: ஒரு சின்னத் திருத்தம்

சிரோசிஸ் என்பது கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய், ஸ்டாட்டின் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. 'சிரோசிஸ் எவ்வளவு முற்றியிருந்தாலும் ஸ்டாட்டின் ஆயுளை நீட்டும், அது நிரூபணமாகிவிட்டது' என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். ஆரம்பக் கட்டத்துக்குச் சொன்னதை முற்றிய கட்டத்துக்கும் சேர்த்துச் சொன்னதால் வந்த குழப்பம் இது என்று நினைக்கிறேன்.

கல்லீரல் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டத்தில், கொலஸ்ட்ரால், இதயம் போன்ற காரணங்களுக்காக ஸ்டாட்டின் தேவைப்படுபவருக்கு அதைத் தரலாம், போர்ட்டல் அழுத்தமும் (கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய நாளத்தின் அழுத்தம்) குறையலாம். அதுவரை சரி. வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலை வந்து, நினைவு தடுமாறும் கட்டம் வேறு. லிவர்ஹோப் என்ற ஐரோப்பிய ஆய்வில் அப்படி முற்றியவர்களுக்கு தினம் 20 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினும் (ஸ்டாட்டின்களில் ஒன்று) ரிஃபாக்சிமினும் (குடலில் வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக்) 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பலன் கூடவில்லை. அதற்கு முந்தைய பாதுகாப்பு ஆய்வில், சிம்வாஸ்டாட்டினை 40 மில்லிகிராம் எடுத்தவர்களில் 3 பேருக்குத் தசை சிதைந்தது. பழுதான கல்லீரலால் மருந்தைச் சரியாக வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் அளவு ஏறிவிடும்.

நீங்களே பார்க்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் லிவர்ஹோப் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், 2025-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். போர்ட்டல் அழுத்தம் பற்றி நிபுணர்கள் கூடி எழுதிய பேவெனோ 7 வழிகாட்டுதலில் சைல்ட்-பியூ (சிரோசிஸின் தீவிரத்தை ஏ, பி, சி என்று பிரிக்கும் அளவுகோல், சி தான் மிக மோசம்) பி, சி பிரிவுகளுக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும், சி பிரிவில் பலன் இன்னும் நிரூபணமாகவில்லை என்றும் எழுதியிருக்கிறது.

அப்புறம் ஒன்று: ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.