சென்னைக் குறியீடு குறைவு என்றால் சென்னை மலிவு என்று அர்த்தமா?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘சென்னையின் விலைவாசிக் குறியீடு சில சின்ன ஊர்களைவிடக் குறைவு. இங்கே வாழ்க்கைச் செலவு மலிவு என்பதால் அகவிலைப்படியைக் குறைக்கப் போகிறார்கள்.’ இது தவறு.

இந்தக் குறியீட்டைக் கணக்கிடுவது மத்திய அரசின் தொழிலாளர் பணியகம். அதில் அந்தந்த ஊரின் 2016 விலைதான் 100; அதிலிருந்து விலை எவ்வளவு ஏறியது என்பதைத்தான் குறியீடு காட்டுகிறது. உதாரணத்துக்கு, இங்கே 5,000 ரூபாய் வாடகை 7,000 ஆனால் 140; வேறோர் ஊரில் 2,000 ரூபாய் 3,000 ஆனால் 150. சரி, எந்த ஊர் மலிவு?

அப்புறம், மத்திய அரசு ஊழியர் அகவிலைப்படிக்கு அகில இந்தியக் குறியீடுதான் கணக்கு. ஊரைப் பொறுத்து மாறுவது வீட்டு வாடகைப்படி. அதிலும் வண்ணாரப்பேட்டைக்கும் அடையாறுக்கும் ஒரே பிரிவுதான்: பெருநகரங்களுக்கான ‘எக்ஸ்’ பிரிவு.

குறியீடுகள் பணியகத்தின் இணையதளத்தில் மாதாமாதம் வருகின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.