கழுத்தில் தொங்கிய கட்டையும் மகள் கையிலிருக்கும் சீட்டும்

பிரிட்டனில் இருக்கும் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபுக்கு நாங்கள் குடிவந்து ஐந்து வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள் நான்காம் வகுப்பு படிக்கும் மகள் சட்டையில் புது பேட்ஜோடு வந்தாள். 'க்ரியூ கம்ரைக்', அதாவது வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷுக்கான குழு. இங்கே நிறைய தொடக்கப் பள்ளிகளில் இப்படி ஒரு குழு இருக்கிறது. நடத்துவது பிள்ளைகளேதான். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்கிற பெண்ணை இதற்குத் தேர்ந்தெடுத்தார்களே என்று எனக்கு நெகிழ்ந்துபோனது.

வாரம் ஒரு வாக்கியத்தை எடுத்துக் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். இடைவேளையில் சின்னப் பிள்ளைகளுக்கு வெல்ஷில் விளையாட்டு நடத்துவார்கள். அப்புறம், அவள் பையில் ஒரு கட்டு வண்ணச் சீட்டு இருக்கிறது. யாராவது தானாக வெல்ஷில் பேசுவது காதில் விழுந்தால் உடனே ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை குலுக்கல், பரிசு.

அந்தச் சீட்டுக் கட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இதே வேல்ஸில், பல பள்ளிகளில் 'வெல்ஷ் நாட்' என்று ஒரு மரக்கட்டை இருந்தது. வெல்ஷில் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அடுத்து இன்னொரு பிள்ளை வெல்ஷில் பேசிப் பிடிபட்டால் கட்டை அந்தக் கழுத்துக்குப் போகும். மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. பிள்ளையை வைத்தே பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வைத்தார்கள். ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று பெற்றோர் பலரும் இதற்குச் சம்மதித்திருந்தார்கள்.

எனக்கு இது புதுக் கதை இல்லை. ஊரில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். பேர் எழுதும் நோட்டு ஒன்று வகுப்பில் சுற்றும். என் பேரை அதில் எழுதியவள் பக்கத்து பெஞ்சுத் தோழி. நானும் அவள் பேரை எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது.

மொழியைச் சட்டம் காப்பாற்றும், டிவி காப்பாற்றும் என்று நாம் நம்புகிறோம். வேல்ஸில் அதெல்லாம் இருக்கிறது. 1982 முதல் தனி வெல்ஷ் சேனல். 2011 சட்டத்தில் அரசு மொழி என்ற நிலை. 2050க்குள் பத்து லட்சம் பேர் பேச வேண்டும் என்ற அரசின் இலக்கு. ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் 19 சதவீதமாக இருந்த வெல்ஷ் பேசுவோர் 2021இல் 17.8 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்தச் சரிவு பெரும்பாலும் 3 முதல் 15 வயதுக்குள். அதனால்தான் சொல்கிறேன், விளையாட்டு மைதானம்தான் முக்கியம். வகுப்பில் ஆசிரியருக்குப் பதில் சொல்லும் மொழி பாடம். பந்து போய்விட்டது என்று கத்தும்போது வாயில் வருவதுதான் மொழி. அதை எந்த அதிகாரியும் வந்து செய்ய முடியாது, பக்கத்தில் ஓடும் இன்னொரு பிள்ளையால்தான் முடியும். பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுத்தது மிகச் சரியான முடிவு.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. வெல்ஷை வளர்க்க மற்ற மொழியை இவர்கள் அமுக்கவில்லை. 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த புதுப் பாடத்திட்டம் வெல்ஷ், ஆங்கிலம், பிற மொழிகள் எல்லாவற்றையும் ஒரே துறையாக வைத்திருக்கிறது. மகள் பள்ளியில் அதே குழு மாதம் ஒரு மொழியை அறிமுகப்படுத்துகிறது. சோமாலி முடிந்தது, போலிஷ் முடிந்தது. இந்த மாதம் தமிழ்.

வீட்டில் தமிழ் எழுதச் சொன்னால் ஓடி ஒளிகிறவள், நேற்று சார்ட் பேப்பரை விரித்து 'ழ' போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். சுழி சரியாக வரவில்லை என்று நான்கு முறை அழித்தாள். நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று தோழிகளுக்குக் காட்டினாளாம். அவர்களுக்கு அது கஷ்டமாகவே இல்லையாம். 'லனெல்லி' என்ற ஊர்ப் பேரைச் சொல்ல, நாக்கை 'ல'வுக்கு வைத்து இரண்டு பக்கமும் காற்றை ஊதிப் பழகிய பிள்ளைகள் அல்லவா!

மார்க்கரை மூடிவிட்டு என்னிடம் கேட்டாள்: "அம்மா, உங்க ஸ்கூல்ல தமிழ் க்ரியூல யார் யார் இருந்தாங்க?"

அந்த நோட்டைப் பற்றி நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.