சீசன் சத்தமும் அத்தையின் தூக்கமும்

'சத்தம் தாங்காதவர்கள் மனதைப் பழக்கிக்கொண்டால் தூக்கம் வரும்' என்று உங்கள் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. நாங்கள் கொடைக்கானல் நாயுடுபுரம். அதே ஹாரன் சத்தம்தான், என் கணவர் அசையாமல் தூங்குவார்; அத்தை எழுந்து உட்கார்ந்துவிடுவார், பிறகு விடியும்வரை புரளல்தான். தூக்கத்தில் மூளையில் எழும் 'ஸ்பிண்டில்' அலைகள் அதிகமுள்ளவர்கள் சத்தத்துக்கு எளிதில் விழிப்பதில்லை என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. உடல்வாகை எப்படிப் பழக்குவது? அதுவும் மலையில் சுற்றிலும் நிசப்தம், ஒற்றைச் சத்தம்கூடத் தூக்கிப்போடும். சீசன் வந்தால் நள்ளிரவுவரை கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர்! குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. தயவுசெய்து அதை அமல்படுத்தச் சொல்லி ஒரு கட்டுரை எழுதுங்கள்.