கேத்தி ஸ்டேஷனிலிருந்து பின்னோக்கி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஷாட் வைப்பதில் கெட்டிக்காரர்கள். திரைக்கதை என்று வந்தால் மட்டும், பத்தாவது நிமிடத்தில் இது வர வேண்டும், முப்பதாவது நிமிடத்தில் அது வர வேண்டும் என்று யாரோ போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாப் படத்தையும் அதற்குள் திணித்துப் பார்க்கிறார்கள். அதில் கணக்குதான் மனப்பாடம் ஆகும், எழுத்து வராது. ஒரு படத்தைக் கடைசிக் காட்சியில் பிடித்து, பின்னோக்கி அவிழ்த்துப் பாருங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. அதற்கு நம் மலையிலேயே எடுத்த 'மூன்றாம் பிறை' (1982) இருக்கிறது. விபத்தில் நினைவு தப்பிக் குழந்தைபோல ஆகிவிட்ட விஜி என்ற பெண்ணை, சீனு (கமல் ஹாசன்) மீட்டுவந்து பார்த்துக்கொள்கிற கதை. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றும் பாலு மகேந்திரா. காகிதத்தில் முடிவானதும் கேமராவில் முடிவானதும் ஒரே தலைக்குள் நடந்ததால் படிப்பதற்குத் தெளிவாக இருக்கும்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் தடவை ஒரு லாங் சைஸ் நோட்டோடு உட்காருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எண், தொடங்கும் நேரம், எவ்வளவு நேரம் ஓடுகிறது, இடம், பகலா இரவா என்று குறியுங்கள். இது சினிமாக்காரர்கள் போடும் சீன் ஆர்டர்தான். அதோடு கோடு கிழித்து இன்னும் மூன்று பத்தி போடுங்கள்: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடியும்போது என்ன மாறியிருக்கிறது. ஒரு முழுநீளப் படத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். அவசரப்பட்டால் நாற்பதாவது காட்சிக்கு மேல் கதைச்சுருக்கம் எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். "சீனு விஜியை அன்பாகப் பார்த்துக்கொள்கிறான்" என்று எழுதினால் அது மாற்றம் இல்லை, வர்ணனை. காட்சி தொடங்கியபோது இல்லாத எது முடியும்போது இருக்கிறது? அதை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். பிறகு அந்தக் கேள்விக்குறிகள்தான் நிறையச் சொல்லித்தரும்.

இப்போது கடைசிக் காட்சிக்கு வாருங்கள். கேத்தி ரயில் நிலையம். குணமான விஜி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். சீனு அடிபட்ட உடம்போடு ஓடிவந்து என்னென்னவோ செய்து காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரென்று தெரியவில்லை. எல்லோரும் இதை நடிப்புக்காகப் பேசுவார்கள். கமல் ஹாசனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம், பேசத்தான் வேண்டும். ஆனால் எழுத வருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நிலைமை ஏன் தவிர்க்க முடியாததாக இருக்கிறது?

அடையாளம் தெரியவில்லை, ஏன்? நினைவு திரும்பியபோது, விபத்துக்கும் குணமானதற்கும் நடுவில் நடந்ததெல்லாம் அழிந்துவிட்டது. சரி, அவள் தெளிந்து எழும்போது சீனு பக்கத்தில் இருந்திருந்தால்? வைத்தியர் நாலு வார்த்தை சொல்லியிருப்பார், பெற்றவர்கள் கைகூப்பியிருப்பார்கள், படம் அங்கேயே முடிந்திருக்கும். ஆகவே அவன் அங்கே இருக்கக் கூடாது. ஏன் இல்லை? போலீசுக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிறான். போலீஸ் எப்படி வந்தது? மகளைத் தேடும் அப்பா பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறார், முன்பு சீனுவோடும் விஜியோடும் ரயிலில் வந்த ஒருவர் தகவல் சொல்கிறார். அந்த ரயிலில் ஏன் வந்தார்கள்? விபசார விடுதியில் சிக்கியிருந்த பெண்ணை அவன் மீட்டு மலைக்குக் கூட்டிவந்தான். அவன் செய்த நல்ல காரியமே அவனை ஒளிய வைக்கிறது. கூட்டிவந்த பயணமே காட்டிக்கொடுக்கிறது. இப்படி ஐந்து 'ஏன்' கேட்டால் படத்தின் முதுகெலும்பு கையில் வந்துவிடும். முக்கியமான காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், இருப்பவர்களை எண்ணிவிட்டு, யார் அங்கே இல்லை, ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

தற்செயல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். உடன் பயணித்தவர் விளம்பரத்தைப் பார்ப்பது தற்செயல்தான். ஆனால் அது நாயகனுக்குச் சிக்கலைக் கொண்டுவருகிறது, அதனால் யாரும் முணுமுணுப்பதில்லை. அதே தற்செயல் அவனைக் காப்பாற்ற வந்திருந்தால் தியேட்டரில் 'உச்' கொட்டியிருப்பார்கள்.

குரங்காட்டி விளையாட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள். முன்பு வீட்டில் அவளைச் சிரிக்க வைக்கச் செய்த சேட்டைதான் பிளாட்பாரத்தில் திரும்ப வருகிறது. செய்கிறவன் அவனேதான், செய்கையும் அதேதான், பார்க்கிற கண் மட்டும் மாறிவிட்டது. அன்று விளையாட்டு, இன்று பைத்தியக்காரன் பிச்சை கேட்பதாக அவளுக்குப் படுகிறது. முதலில் வந்தபோது அது பின்னால் பயன்படப்போகிறது என்ற வாடையே இல்லை, அந்த நேரத்து மகிழ்ச்சிக்காக மட்டும் இருந்தது. நம் குறும்படங்களில் தப்பு இங்கேதான் நடக்கிறது. பின்னால் வரப்போகிற பொருளை முன்னாடியே குளோசப்பில் காட்டி, இசையும் போட்டு, "ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம்.

கேத்தி பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு நாள் நோட்டோடு போய் நில்லுங்கள். அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவில், சின்ன ஸ்டேஷன். ரயில் வந்து, நின்று, கிளம்புவதற்குள் என்னென்ன செய்ய முடியும் என்று பாருங்கள். அவன் எங்கிருந்து ஓடிவர வேண்டும், ஜன்னலுக்கும் அவனுக்கும் எவ்வளவு தூரம், எந்த நொடியில் அது நகரத் தொடங்கும் என்று கண்ணால் அளந்து எழுதுங்கள். பிறகு அதே காட்சியை பஸ் ஸ்டாண்டில் வைத்து எழுதிப் பாருங்கள். பஸ்ஸைத் தட்டி நிறுத்தலாம், கண்டக்டரிடம் கெஞ்சலாம், அடுத்த ஸ்டாப்பில் பிடிக்கலாம். காட்சி தளர்ந்துபோகும். ரயில் இவனுக்காக நிற்காது. அந்தக் கெடுவை இடமே கொடுக்கிறது, வசனம் தேவைப்படவில்லை. இதை எழுதும்போது வேதனை, ஏக்கம், பரிதாபம் என்ற சொற்களுக்குத் தடை. கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும்.

பின்னோக்கி அவிழ்க்கும் இந்த முறைக்குப் பிடிபடாதவையும் உண்டு. சீனு வேலை பார்க்கும் பள்ளித் தலைமையாசிரியரின் இளம் மனைவி சீனுவின் மேல் ஆசைப்படும் கிளைக்கதையை மொத்தமாகத் தூக்குங்கள். மேலே சொன்ன ஐந்து 'ஏன்'-ல் ஒன்றுகூட அறுபடாது. அப்படியானால் வேண்டாததா? வியாபாரத்துக்காக வைத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், அதில் வரும் 'பொன்மேனி உருகுதே' பாட்டின் நீளத்தைப் பார்த்தால் எனக்கும் அந்த எண்ணம் வரும். ஆனாலும் அதை எடுத்துவிட்டால், உடம்பை முன்வைத்து வருகிற ஆசைக்கு அவன் மறுப்புச் சொல்கிறவன் என்ற தகவல் போய்விடும். ஒரே வீட்டில் அந்தப் பெண்ணோடு இருக்கிற அவனை நாம் நம்புவது அதனால்கூடத்தான். காரணச் சங்கிலியில் சேராமல், பாத்திரத்தின் மேல் நம்பிக்கையை ஏற்றுகிற காட்சிகளுக்கு நோட்டில் வேறு நிற மையில் குறி போடுங்கள்.

இன்னொன்று. அச்சில் வரும் திரைக்கதைப் புத்தகங்களில் சில, முடிந்த படத்தைப் பார்த்துத் திரும்ப எழுதியவை. எடிட்டிங்கில் போன காட்சி அதில் இருக்காது, படப்பிடிப்பில் சேர்ந்தது இருக்கும். அதை எழுத்தாளரின் முதல் பிரதி என்று நினைத்துப் பாடம் படிக்காதீர்கள்.

பிடித்த படம் ஒன்று முடிந்ததும், அடுத்ததாக உங்களுக்குச் சலித்த படம் ஒன்றை எடுங்கள். பிடித்த படத்தில் ஓட்டையை மன்னித்துவிடுவோம். கொட்டாவி வந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு நோட்டில் பின்னால் போங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது. நாலைந்து காட்சி முன்னால் நாயகனுக்கு வேண்டியது கிடைத்திருக்கும், அதன் பிறகு 'யாருக்கு என்ன வேண்டும்' பத்தி வரிசையாகக் காலியாக இருக்கும். அந்தக் காலியிடங்களை நிரப்பி ஒரு புது சீன் ஆர்டர் எழுதுங்கள், பத்துக் காட்சி போதும்.