அண்ணே, கொஞ்சம் நகருங்களேன்!

நான் சொன்னது மூணே வார்த்தை. "அண்ணே, கொஞ்சம் நகருங்களேன்." அதையும் கெஞ்சுற குரல்லதான் சொன்னேன். அவர் நகரலை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, இடுப்புல கை வச்சுக்கிட்டு, "தம்பி, என்ன அப்பர்ச்சர்ல வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். கேமராவுக்குள்ள வெளிச்சம் புகுற துளையோட அளவைக் கேட்கிறாராம்.

கழுத்துல கேமரா தொங்குற எல்லாருக்கும் இந்த அண்ணனைத் தெரியும். ஆளுதான் மாறும். சிங்கப்பூர் தேக்காவுல பூக்கடை முன்னாடி வருவார், சுங்கை பூலோ சதுப்புநிலத்துல கொக்குக்குக் குறுக்கே வருவார். எனக்குப் போன சனிக்கிழமை உபின் தீவுல வந்தார்.

நாலரை மணிக்கு எழுந்தேன்யா. வார நாள்ல எட்டு மணிக்கு அலாரத்தை அடிச்சுப் போட்டுத் தூங்குறவன், ஒரு சேவலுக்காக நாலரை மணிக்கு எழுந்தேன். நள்ளிரவுக் கட்டணம் போட்ட டாக்சியில சாங்கி போய் இறங்கினா, படகுத்துறையில என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். பன்னிரண்டு சேராம பம்போட்னு சொல்ற அந்தச் சின்னப் படகு நகராது. கிழக்கே வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. பொறுக்க முடியாம, வராத அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கும் சேர்த்து நானே இன்னொரு 4 வெள்ளி கொடுத்தேன். மத்த பத்துப் பேரும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்களே, அதுக்குத் தனியாப் பதிவு போடணும்.

ஏன் உபின்னு கேட்காதீங்க. கிராமத்துக் காட்சி எடுத்துப் பழகணும்னு சிங்கப்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு ஆசைப்பட்டவனுக்கு வேற போக்கிடம் என்ன இருக்கு? லோரோங் புவாங்கோக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போனேன். எந்தப் பக்கம் சாய்ச்சாலும் தகரக் கூரைக்கு மேல ஒரு வீவக அடுக்குமாடி புளோக் எட்டிப் பார்க்குது. போதாததுக்கு அது மனுஷங்க குடியிருக்கிற வீடு. கொடியில காயுற துணியை ஃபோகஸ் பண்ணும்போது நமக்கே கூச்சமா இருக்கு. கிராஞ்சிப் பக்கம் போனா பின்னாடி ஜொகூர் கட்டடங்கள் வரிசையா நிக்குது. லிம் சூ காங்ல புல்வெளி நல்லாருக்கேன்னு கேமராவைத் தூக்கினா, வேலியில துப்பாக்கி பிடிச்ச ஆள் படம் போட்ட சிவப்புப் பலகை. நாலு மொழியில எழுதியிருக்கான், தெரியலைன்னு சொல்லவும் முடியாது.

சரி, தீவுல இறங்கியாச்சு. இந்த ஊர் வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1982 பிறந்தப்போ கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வச்சாங்க. அதனால சூரியன் இங்க ஆபீசருக்கு மேல. ஏழு மணிக்குத்தான் வருவாரு. வந்தாலும் நிக்க மாட்டாரு. பூமத்திய ரேகைப் பக்கத்துல இருக்கோமா, லிஃப்டுல ஏறுற மாதிரி நேரா மேல போயிடுவாரு. வெளிநாட்டு யூடியூப் வாத்தியார்கள் 'கோல்டன் ஹவர்', தங்க வெயில் நேரம்னு உருகுறாங்களே, நமக்கு அது 25 நிமிஷம். அவ்வளவுதான்.

அந்த 25-ல முதல் பத்தை என் லென்ஸே தின்னுடுச்சு. பையில இருந்து எடுக்கிறேன், கண்ணாடி முழுக்கப் பால் ஊத்தின மாதிரி ஆவி. துடைக்கிறேன், திரும்பப் பிடிக்குது. பனியனால துடைச்சேன். லென்ஸைப் பனியனால துடைச்சவனுக்கு நரகத்துல தனிக் கொப்பரை உண்டுன்னு தெரியும், இருந்தும் துடைச்சேன்.

தெளிஞ்சதும் பார்க்கிறேன், அப்படி ஒரு காட்சி. பழைய பலகை வீடு. துருப்பிடிச்ச தகரத்து மேல வெயில் அப்பத்தான் விழுது. முன்னாடி ராத்திரி மழைத் தண்ணி தேங்கின ஒரு குட்டை, அதுல அந்த வீடு தலைகீழா நிக்குது. மண்ணுல குப்புறப் படுத்துட்டேன். முட்டியில ஈரம் ஏறுது, காதுல கொசு. நாற்பது வயசுல பண்ற வேலையா இது? ஆனா சேவல் வருது. குட்டையோரமா வந்து, ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்குது. பட்டன்ல விரல் இருக்கு.

கிளிங் கிளிங்.

வாடகை சைக்கிள் மணி. எனக்கும் சேவலுக்கும் நடுவுல அண்ணன் வந்து இறங்கினார். இங்கதான் ஆரம்பத்துல சொன்ன அந்த மூணு வார்த்தை.

"அப்பர்ச்சரை எஃப் 8 வைங்க தம்பி, குட்டைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஷார்ப்பா வரும்." நகரலை. "ராவ்ல எடுக்கிறீங்களா, ஜேபெக்கா?" நகரலை. "லென்ஸ்ல ஆவி பிடிச்சுதா? ஏர்கான் ரூம்ல வச்சுட்டுத் தூங்கியிருப்பீங்க. அங்கயே ஜிப் பையில போட்டு மூடி எடுத்துட்டு வந்து, வெளியில அரை மணி நேரம் விட்டுட்டா ஆவி பை மேலதான் பிடிக்கும், கண்ணாடியில பிடிக்காது." அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான்யா வயித்தெரிச்சல். தப்பாச் சொல்லியிருந்தா மனசுக்குள்ள ரெண்டு திட்டு திட்டிட்டு ஆறியிருப்பேன்.

"அதோ போகுதே, அதை வீட்டுச் சேவல்னு நினைச்சுட்டீங்களா? காட்டுக்கோழி தம்பி. காதோரம் வெள்ளைத் திட்டு பாருங்க, காலு சாம்பல் நிறம்."

எங்க பார்க்கிறது? என் வியூஃபைண்டர்ல உங்க கெண்டைக்கால்தான் தெரியுது.

முத்தாய்ப்பா ஒண்ணு சொன்னார் பாருங்க. "வெளிச்சத்துக்காகக் காத்திருக்கக் கத்துக்கணும் தம்பி. பொறுமை." சொன்ன ஆளோட நிழல் என் மூஞ்சி மேல விழுந்து கிடக்கு! அவர் நகர்ந்தப்போ மணி ஏழே முக்கால். வெயில் வெள்ளையா அடிக்குது, குட்டையில ஒண்ணும் தெரியலை, சேவல் குடும்பத்தோட காட்டுக்குள்ள போயிடுச்சு.

திரும்பி வர படகுத்துறையில மறுபடி பதினோரு பேர். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டாவதா யாரு வந்திருப்பான்னு நான் சொல்லணுமா? பக்கத்துலயே வந்து உட்கார்ந்தார். "நானும் ஒண்ணு எடுத்தேன், போன்லதான்"னு காட்டினார். நான் மண்ணுல குப்புறக் கிடந்து அவர் காலை முறைக்கிறேன். எனக்குப் பின்னாடி, என் கேமராப் பை மேல, கழுத்தை நிமிர்த்திக்கிட்டு அந்தச் சேவல். இறகு ஒவ்வொண்ணிலயும் வெயில் தங்கமா இருக்கு. "அனுப்பவா தம்பி?"ன்னார். நம்பர் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

ராத்திரி, படத்தைத் திருத்துற லைட்ரூம் சாஃப்ட்வேர் முன்னாடி உட்கார்ந்தேன். எடுத்தது 63 படம். பாதிக்கு மேல கெண்டைக்கால். ஒரே ஒரு படத்துல காலுக்குப் பக்கத்துல சேவல் பாதி தெரியுது. ஏஐ-கிட்ட அந்தக் காலை அழிடான்னேன். அழிச்சுது. அழிச்ச இடத்துல சேவலுக்கு மூணாவது கால் வச்சுது. சரின்னு வேற படத்துல வெறும் வீட்டை மட்டும் வெட்டி எடுத்து, ஒயிட் பேலன்ஸை ஏத்தினேன், நிழலைத் திறந்தேன், பச்சையைத் தூக்கினேன், மங்கலைப் போக்குற டீஹேஸைக் கொஞ்சம் தள்ளினேன், இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ரெண்டு மணிக்கு வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "வீட்டுக்கு என்ன மஞ்சக்காமாலையா?"ன்னு கேட்டுட்டுத் தூங்கப் போயிட்டா.

இதுல கொடுமை என்னன்னா, நான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தான். பன்னிரண்டாவது பரீட்சைக்குப் படிக்கிறப்போ விடிய விடியக் கூவுதுன்னு அப்பத்தா வளர்த்த சேவலைச் செருப்பால அடிச்சவன். அப்போ வாசல்லயே வெயில், குட்டை, கூரை எல்லாம் இலவசமாக் கிடந்துச்சு. கேமராதான் இல்லை.

ஞாயித்துக்கிழமை குடும்பக் குழுவுல என் படத்தையும் போட்டேன், அண்ணன் எடுத்ததையும் போட்டேன். என் படத்துக்கு ஒரு கட்டைவிரல், அதுவும் வீட்டம்மா போட்டது. அண்ணன் படத்தை அம்மா ஸ்டேட்டஸ்ல வச்சுட்டாங்க. வச்சுட்டு போன் பண்ணினாங்க. "சேவல் நல்ல சாதி, யாரோடதுப்பா? அது கெடக்கட்டும், நீ ஏன் மண்ணுல கெடக்க? வேலை கீலை போயிருச்சா?" இல்லைன்னு புரிய வைக்க இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் நம்பலைன்னுதான் நினைக்கிறேன். சாயந்திரம் அக்காவும் கூப்பிட்டு, பணம் ஏதும் வேணுமான்னு கேட்டுச்சு.

புத்தி இல்லாம, எடிட் பண்ணின படத்தை அண்ணனுக்கும் அனுப்பியிருந்தேன். பதில் வந்துச்சு: "ஓவர் சாச்சுரேஷன் தம்பி. கலர் ரொம்பத் தூக்கல்."

இன்னைக்குக் காலையில 5.12-க்கு போன் அலறுது. அண்ணன்தான். குட்மார்னிங் ரோஜாப்பூ. அந்தச் சிவப்பு இருக்கே, எனக்கு இன்னும் கண்ணு கூசுது.